வட அமெரிக்க மரவெட்டிகளின் கற்பனை விலங்குகள் – ஒரு சமூகவியல் நோக்கு

1

நாட்டார் வழக்காறுகளை உழைப்போடு தொடர்புபடுத்தி நோக்கும் மரபு தமிழ் விமர்சனத்துக்குப் புதியதன்று. ஜோர்ஜ் தொம்சனின் ஆய்வுகளும், அவரிடம் பேர்மிங்ஹாமில் ஆய்வு மேற்கொண்ட க. கைலாசபதியின் எழுத்துக்களும் உழைப்பின் தாளத்திலிருந்து பாடல் பிறந்தவாற்றை நமக்கு உணர்த்தியுள்ளன. எனினும் இந்நோக்கு பெரும்பாலும் உழைப்பு நிகழும் வேளையிற் பிறக்கும் பாடலையே மையமாகக் கொண்டது. உழைப்பு ஓய்ந்து, உடல் சோர்ந்து, உறக்கம் வருமுன் எஞ்சியிருக்கும் சிறு பொழுதிற் பிறக்கும் கதையும் உழைப்பின் குழந்தையே. அதிலும், சொல்பவனும் நம்பாத, கேட்பவனும் நம்பாத பொய்க்கதை தனியே ஆராயப்பட வேண்டியதொன்று. இக்கட்டுரை அத்தகையதொரு கதைத்தொகுதியை எடுத்துக்கொள்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐக்கிய அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலிருந்து ஓரிகன் வரையிலான காடுகளில் மரம் வெட்டிய தொழிலாளரின் கதைகளில் விசித்திரமான விலங்குகள் பல உலவின. மலைச்சரிவைச் சுற்றிச்சுற்றி நடந்து ஒரு பக்கக் கால்கள் மட்டும் குட்டையாகிப்போன விலங்கு. கோடரிப் பிடிகளைத் தின்று வாழும் நாய். வாயிலிருந்து நீராவி வெளிவரப் பின்னோக்கி நடக்கும் சிறு பிராணி. போகுமிடத்தைப் பற்றிக் கவலைப்படாது, வந்த இடத்தைப் பார்த்தவாறே பின்புறமாகப் பறக்கும் பறவை. ‘அச்சந்தரும் பிராணிகள்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடராலேயே இவை பொதுவாக வழங்கப்படுகின்றன. பெயரில் அச்சம் இருப்பினும் கதையில் மேலோங்கி நிற்பது நகையே.

ஆர்ஜென்டீன எழுத்தாளர் ஜோர்ஜ் லூயி போர்ஹெஸ் 1957 இல் மார்கரீட்டா கெரேரோவுடன் இணைந்து வெளியிட்டுப் பின்னர் விரிவாக்கிய கற்பனை உயிரினங்கள் பற்றிய நூலில் இவற்றுக்கும் இடமளித்தார். இவ்விலங்குகளை எவரும் ஒருபோதும் நம்பியிருக்க மாட்டார்கள் என்ற கருத்தை அவர் அங்கே போகிறபோக்கிற் கூறிச் செல்கின்றார். அவதானம் சரியானதே. ஆயின் அவர் விட்ட இடத்திலேயே நமது வினா தொடங்குகின்றது. எவரும் நம்பாத விலங்குகளைக் கூட்டாகப் படைத்து, முகாமிலிருந்து முகாமுக்குக் காவிச்சென்று பேண வேண்டிய தேவை அம்மனிதருக்கு ஏன் ஏற்பட்டது?

ஐதீகம் பற்றி மாக்ஸ் கூறியது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1857 இல் எழுதப்பெற்று, அவர் வாழ்நாளில் வெளிவராத அறிமுகக் குறிப்பொன்றிலே, ஐதீகம் இயற்கைச் சக்திகளைக் கற்பனையில் அடக்கி ஆள்கின்றது என்றும், அச்சக்திகள் மெய்யாகவே மனிதனின் ஆளுகைக்குட்பட்டதும் அது மறைந்துவிடுகின்றது என்றும் அவர் விளக்கினார். இக்கூற்றை இயந்திரரீதியாகப் பொருத்தினால் மரவெட்டிகளின் விலங்குகள் பிறந்திருக்கவே கூடாது. அவர்கள் கையில் உருக்கு வாள் இருந்தது; பல இடங்களிற் புகையிரதம் காட்டுக்குள்ளேயே வந்துவிட்டது; அவர்கள் வெட்டிய மரம் நகரங்களின் சந்தையில் விலையாயிற்று. இயற்கை தோற்றுக்கொண்டிருந்த வேளையிலேயே இவ்விலங்குகள் பெருகின. எனவே இவற்றை இயற்கையின் மீதான பழைய அச்சத்தின் எச்சமாக மட்டும் கொள்ளல் பொருந்தாது. இயற்கையோடு மனிதன் கொண்ட உறவில் மட்டுமன்றி, உற்பத்தியில் மனிதன் மனிதனோடு கொண்ட உறவிலும் இவற்றின் வேரைத் தேடுதல் வேண்டும்.

2

மிச்சிகன், விஸ்கொன்சின், மினசோட்டா ஆகிய ஏரிப்புற மாநிலங்களின் வெண்பைன் காடுகள் ஏறத்தாழ ஒரு மனித ஆயுட்காலத்துள் வெட்டி அழிக்கப்பட்டன. அமெரிக்க மர உற்பத்தியில் மிச்சிகன் மாநிலம் பல ஆண்டுகள் முதலிடம் வகித்தது. நூற்றாண்டின் இறுதியில் அவ்விடம் விஸ்கொன்சினுக்குச் சென்றது. பின்னர் மூலதனம் பசுபிக் கரையை நோக்கி நகர்ந்தது. 1900 ஆம் ஆண்டில் பிரடெரிக் வெயர்ஹோசரும் அவருடைய கூட்டாளிகளும் வாஷிங்டன் மாநிலத்தில் 9 லட்சம் ஏக்கர் காட்டினை ஏக்கர் 6 டொலர் வீதம் புகையிரதக் கொம்பனியொன்றிடமிருந்து வாங்கியமை இந்நகர்வின் பருமனைக் காட்டும். வெட்டியபின் கைவிடப்பட்ட கிளைகளும் சருகும் தீக்கு இரையாயின. 1871 ஒக்டோபர் 8 இல் விஸ்கொன்சினின் பெஷ்டிகோவில் மூண்ட தீயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1894 செப்ரெம்பர் 1 இல் மினசோட்டாவின் ஹிங்க்லியில் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இத்தொழிலிற் கூலிக்கு அமர்ந்தோர் பல தேசத்தவர். மெயின் மாநிலத்தவரோடு பிரெஞ்சுக் கனேடியர், ஐரிஷ்காரர், சுவீடன், நோர்வே, பின்லாந்து ஆகிய நாட்டினர், ஜேர்மனியர் எனப் பலர் ஒரே கொட்டகையில் வாழ்ந்தனர். ஏரிப்புற மாநிலங்களில் வெட்டு பெரும்பாலும் பனிக்காலத்தில் நிகழ்ந்தது. நீர் தெளித்து உறையவைத்த பாதைகளில் மரக்குற்றிகள் ஆற்றங்கரைக்கு இழுத்துவரப்பட்டு, இளவேனிலில் வெள்ளத்தோடு மிதக்கவிடப்பட்டன. தொழிலாளர் இருவர் ஒரு படுக்கையிற் படுத்தனர். வைக்கோலும் பேனும் ஈரச்சட்டைகளின் ஆவியும் நிறைந்த கொட்டகை அது. உணவு வேளையிற் பேசுதல் கூடாதென்பது சமையற்காரனின் சட்டம். பகலில் வாளின் ஓசை, உணவில் மௌனம், இரவில், படுக்கைகளின் முன்னே நீண்டு கிடந்த மரவாங்கில் அமர்ந்திருந்த சிறு பொழுது மட்டுமே பேச்சுக்கு உரியது. அவ்வாங்கே இக்கதைகளின் களம்.

கதை சொல்லும் முறையும் குறிப்பிடத்தக்கது. புதிதாக வந்த இளைஞன் ஒருவன் இருக்கும்போதே விலங்குக் கதை எழும். அனுபவஸ்தன் ஒருவன், முகத்திற் சிரிப்பின் சாயலின்றி, சென்ற ஆண்டு வேறொரு முகாமில் நிகழ்ந்ததாக அதனைத் தொடங்குவான். மற்றொருவன் சாட்சி கூறுவான். இடத்தின் பெயர், ஆற்றின் பெயர், விலங்கின் உயரம், உணவு யாவும் துல்லியமாக இருக்கும். புதியவன் அஞ்சினால் நகை. அவனே அடுத்த பொய்யைச் சேர்த்தால் அவன் குழுவின் அங்கத்தவன். பல மொழி பேசும் அந்நியர் ஒரு வேலைக்குழுவாகும் சடங்காக இதனைக் கொள்ளலாம். அதேவேளை தொழிலாளருக்கிடையிலான படிநிலையை உறுதிசெய்யும் சடங்கும் இதுவேயாகும். இவ்விரண்டையும் ஒருங்கே காணத் தவறினால் நாட்டார் வழக்காற்றை வெறுமனே போற்றும் கற்பனாவாதத்துள் வீழ்வோம்.

3

இவ்விலங்குகள் செய்யும் வேலைகளை வகைப்படுத்தி நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. அவற்றுட் பல, காட்டில் நிகழும் இழப்புகளுக்குக் காரணம் கூறவே படைக்கப்பட்டுள்ளன. காலையிற் கோடரிப் பிடி காணாமற்போனால் அதனைத் தின்ற நாய் உண்டு. புயலின் பின் மரங்கள் சிதறிக் கிடந்தால், உணவு தேடித் தலையால் மோதி மரங்களைப் பிளக்கும் பூனை உண்டு. மனிதன் ஒருவன் காட்டுக்குட் சென்று திரும்பாதுவிட்டால், ‘பின்னால் ஒளிவது’ என்று பொருள்படும் ‘ஹைட்பிஹைண்ட்’ உண்டு. எத்திசையில் திரும்பினும் அது மனிதனின் முதுகுக்குப் பின்னாலேயே மறைந்துகொள்ளும்; ஆதலால் அதனைக் கண்டவர் எவருமிலர். மதுவின் நெடி மட்டுமே அதற்கு ஆகாதென்பர். இந்த இறுதிச் செய்தியில் மரவெட்டிகளின் குறும்பு வெளிப்படை.

இவ்வரிசையில் மிக முக்கியமானது ‘அக்ரோபெல்டர்’ எனப்படும் விலங்கு. மனிதக் குரங்கை ஒத்த முகமும், சவுக்குப் போன்ற நீண்ட கைகளும் கொண்ட இது, பொந்து விழுந்த மரங்களில் வாழ்ந்து, அவ்வழி வரும் மரவெட்டிகள் மீது பட்ட கிளைகளை முறித்து எறியும். மரம் வெட்டுந் தொழிலின் நிகழ்வொன்று இதன் பின்னால் உண்டு. மேலே சிக்கிக்கிடக்கும் முறிந்த கிளை, மரம் அதிரும்போது ஓசையின்றி வீழ்ந்து கீழே நிற்பவனைக் கொல்லும். அத்தகைய கிளையை மரவெட்டிகள் ‘விதவையாக்கி’ என்னும் பொருள்படும் சொல்லாற் சுட்டினர். அமெரிக்காவில் மரம் வெட்டுதல் இன்றும் மரண வீதம் மிகக்கூடிய தொழில்களுள் ஒன்றாகவே உள்ளது.

வில்லியம் ரி. கொக்ஸ் 1910 இல் வெளியிட்ட தொகுப்பிலே அக்ரோபெல்டர் பற்றிய கதை ஒரு நுட்பமான திருப்பத்தைக் கொண்டுள்ளது. விலங்கினால் அடியுண்டு இறந்தவனைக் கிளை வீழ்ந்து இறந்தானென்றே ஏனையோர் அறிக்கை செய்வர் என்பது கதையின் கூற்று. அதாவது, உண்மையில் நிகழ்வதைக் கதை பொய்யென்கின்றது, பொய்யை உண்மையென்கின்றது. உத்தியோகபூர்வ அறிக்கைக்கும் தொழிலாளர் தமக்குள் பேசிக்கொள்வதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டென்பதை இத்தலைகீழாக்கம் ஒப்புக்கொள்கின்றது.

அவ்விடைவெளியின் பொருளை உணர அக்காலச் சட்டத்தை நோக்க வேண்டும். தொழிலில் இறந்தவனுக்கும் ஊனமுற்றவனுக்கும் நட்டஈடு கோரி வழக்காடுகையில், தொழில்கொள்வோர் தரப்பு மூன்று வாதங்களைக் கையாண்டது. ஆபத்தை அறிந்தே அவன் அவ்வேலையை ஏற்றான் என்பது ஒன்று. தவறு சக தொழிலாளியினுடையது என்பது மற்றொன்று. அவனுடைய கவனக்குறைவும் காரணம் என்பது இன்னொன்று. விஸ்கொன்சினிலும் வாஷிங்டனிலும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்கள் 1911 இலேயே நிறைவேறின. கொக்ஸின் நூல் வெளிவந்து ஓராண்டின் பின்னர். இவ்விலங்குகள் வாழ்ந்த காலம் பெரும்பாலும் அச்சட்டங்களுக்கு முந்திய காலமாகும். மரத்தின் மீதோ இறந்தவன் மீதோ அவன் தோழன் மீதோ குற்றம் சாரலாம். அவசரப்படுத்தும் வேலைமுறையின் மீதும், நாளொன்றுக்கு வெட்ட வேண்டிய அளவை விதித்தவன் மீதும் அது சாராது. ‘விபத்து’ என்ற சொல் இவ்வாறு ஒரு வர்க்கத்தின் பாதுகாப்பரணாகச் செயற்பட்டது.

அக்ரோபெல்டர் கதை அச்சொல்லைக் கேலி செய்கின்றது. மரணத்துக்குக் காரணம் உண்டு, அது தற்செயலன்று, கொல்வது ஏதோவொன்று இருக்கின்றது என்ற உணர்வு கதையின் அடியில் ஓடுகின்றது. ஆயின் கொல்வது எது என்று கூற வேண்டிய இடத்தில் கதை குரங்கு முகத்தைக் காட்டுகின்றது. ஹைட்பிஹைண்டைக் கண்டவர் எவருமிலர் என்று கூறும் கதை, காணப்படாது பின்னால் நிற்கும் சக்தியொன்றை உணர்ந்த மனிதரின் கதையேயாகும். அச்சக்திக்கு அவர்களால் இன்னும் பெயரிட முடியவில்லை. இக்கதைகளின் அறிவும் அவற்றின் எல்லையும் ஒரே இடத்திலேயே அமைந்துள்ளன. இதுவே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்தாகும்.

4

இழப்புக்குக் காரணம் கூறும் விலங்குகள் ஒருபுறமிருக்க, தொழிலாளியின் உடலையும் உணர்வையும் குறிப்பால் உணர்த்தும் விலங்குகளும் உண்டு. சரிவில் வாழும் ‘சைட்ஹில் கூஜர்’ ஒரே திசையிற் சுற்றிச்சுற்றி நடந்து ஒருபக்கக் கால்கள் குறுகிய விலங்கு. சமதரையில் அதனால் நிற்க இயலாது. எதிர்த்திசையில் திரும்பினால் உருண்டு வீழ்ந்துவிடும். தொழிற்பட்டறை உற்பத்தியில் தொழிற்பிரிவினை தொழிலாளியை ஒரு திறமை மட்டும் மிகையாக வளர்ந்த ஊனப்பிறவியாக்குகின்றது என்று ‘மூலதனம்’ முதற் பாகத்தில் (1867) மாக்ஸ் எழுதினார். மரவெட்டிகள் மாக்ஸைப் படித்து இவ்விலங்கைப் படைத்தனரென எவரும் கூறார். ஒரே அசைவை ஆண்டுக்கணக்கிற் செய்யும் உடல் எவ்வாறாகும் என்பதை அவர்கள் தம் முதுகிலும் தோளிலும் அறிந்திருந்தனர் என்பதே போதும்.

பென்சில்வேனியாவின் ஹெம்லொக் காடுகளில் வாழ்வதாகக் கூறப்படும் ‘ஸ்குவொங்க்’ இவற்றுள் உள்ளத்தைத் தொடுவது. மருக்கள் நிறைந்த, பொருந்தாத தோலையுடைய அவ்விலங்கு, தன் அவலட்சணத்தை எண்ணி ஓயாது அழுதபடி மறைந்து வாழும். வேட்டைக்காரர் அதன் கண்ணீர்த் தடத்தைப் பின்தொடர்வர். அகப்பட்டதும் அது கண்ணீராகவே கரைந்துவிடும். பிடித்துப் பையிலிட்டுச் சுமந்துசென்றவன், பை திடீரெனப் பாரமற்றுப்போனதை உணர்ந்து திறந்து பார்க்கையில், கண்ணீரும் குமிழியுமே எஞ்சியிருந்தன என்பது கதை.

ஆடவர் மட்டுமே வாழ்ந்த முகாம் அது. மனைவி மக்களைப் பிரிந்தும், நிலையான இல்லமின்றியும், வலிமையே மானமெனக் கொண்டும் வாழ்ந்த அம்மனிதர் அழுதல் இழுக்கு. அழுகையை ஒரு விலங்கிடம் ஒப்படைத்துவிட்டு அதனைப் பார்த்துச் சிரித்தல் சாத்தியமாயிருந்தது. அந்நியமாதல் என்னும் கருத்தினை நாம் நூல்வழி விளக்க முனைகின்றோம். தன் தோலே தனக்குப் பொருந்தாத விலங்கின் கதையில் அது அனுபவமாகவே நிற்கின்றது. அவ்விலங்கின் உறைவிடமான ஹெம்லொக் மரமும், தோல் பதனிடுவதற்கு வேண்டிய பட்டைக்காகப் பெருமளவில் வெட்டி வீழ்த்தப்பட்டதென்பதையும் இணைத்து நோக்குதல் தகும்.

5

இவ்விடத்தில் ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். இலக்கியத்தைச் சமூகத்தின் நேரடிப் பிரதிபலிப்பாகக் கொள்வோர்க்கு இவ்விலங்குகள் இடர் விளைவிக்கின்றன. ஏனெனில் இவற்றுட் சில மரவெட்டிகளுக்கு மிக முந்தியவை. மூட்டில்லாக் கால்களையுடைய ‘ஹியூகாக்’ படுக்க இயலாது மரத்திற் சாய்ந்து உறங்கும். மரத்தை முன்னரே பாதி வெட்டிவைத்தால் அது மரத்தோடு வீழ்ந்து அகப்படும். இதே செய்தியை ஜேர்மனியக் காடுகளின் காட்டுமான் பற்றி யூலியஸ் சீசர் தமது காலியப் போர் நூலின் ஆறாம் பகுதியிற் கூறியுள்ளார். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய கருப்பொருள் விஸ்கொன்சின் காட்டுக்கு வந்து சேர்ந்த வழி எதுவாயினும், இது மரவெட்டிகளின் தனிப்படைப்பன்று.

எனினும் இம்மறுப்பு நமது நோக்கைத் தகர்க்கவில்லை, செம்மைப்படுத்துகின்றது. மக்கள் வெறுவெளியிலிருந்து வடிவங்களைப் படைப்பதில்லை. மரபு தந்த வடிவங்களை எடுத்துத் தம் வாழ்நிலைக்கு ஏற்ப நிரப்புகின்றனர். சீசரிடம் அது தொலைநாட்டு விந்தைபற்றிய செய்தி. சீசர் அதனை நம்பி எழுதினார். மரவெட்டியிடம் அது நம்பிக்கையற்ற நகை. விலங்கைப் பிடிக்கும் உத்தியோ மரத்தைப் பாதி வெட்டிவைக்கும் அவனுடைய அன்றாடத் தொழில்நுட்பமே. கதைப்பொருள் மாறவில்லை, அதன் சமூகச் செயற்பாடு மாறிவிட்டது. உழைக்கும் மக்களின் வாய்மொழிப் படைப்பின் ஆழத்தை 1934 இல் சோவியத் எழுத்தாளர் முதலாவது மாநாட்டில் வலியுறுத்திய மாக்ஸிம் கோர்க்கியின் கருத்தை நாம் ஏற்கலாம்; ஆயின் அப்படைப்பு முழுவதும் நம்பிக்கையின் குரலே என்று கொள்வது மிகையாகும்.

மற்றொரு எல்லையையும் மறைத்தல் தகாது. இக்கதைகளின் காட்டில் மனிதர் முன்னர் வாழ்ந்ததில்லை. விசித்திர விலங்குகள் மட்டுமே வாழும் வெற்று வெளியாக அது தோன்றுகின்றது. உண்மை வேறு. 1837 ஆம் ஆண்டு ஒப்பந்தமொன்றின் மூலம் ஒஜிப்வே மக்கள் விஸ்கொன்சின், மினசோட்டாப் பகுதிகளின் பரந்த பைன் நிலங்களை ஐக்கிய அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அம்மக்களின் வழக்காற்றிலுள்ள ‘விண்டிகோ’ அடங்காப் பசியின் உருவம். உண்ண உண்ணப் பசி பெருகும் அரக்கன். அது நகைக்காகப் படைக்கப்பட்டதன்று. பகிர்ந்துண்ணாமையின் கேடு பற்றிய அறவுணர்வு அதனுள் உண்டு. காட்டை விழுங்கிக்கொண்டிருந்த சக்திக்கு அண்மையிலேயே பொருத்தமான உருவகம் இருந்தும் மரவெட்டிகளின் கதைகள் அதனை அறியவில்லை. இழந்தோரின் கதையும் கூலிக்கு வெட்டியோரின் கதையும் சந்திக்காமற் போயின. 1854 முதல் விஸ்கொன்சினில் தமக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் வாழும் மெனோமினி மக்கள் தம் காட்டினை அளவறிந்து வெட்டி இன்றுவரை பேணிவருகின்றனர் என்பது, அழிவு தவிர்க்க முடியாததொன்றன்று என்பதற்குச் சான்று.

6

இக்கதைகள் நம்மை வந்தடைந்த வழியும் வர்க்க அடிப்படையில் ஆராயத்தக்கது. வாங்கில் அமர்ந்து சொன்னவர் பெயரிலிகள், அச்சேற்றியவர் வேறு. கொக்ஸ் மினசோட்டா மாநிலத்தின் முதலாவது வன அதிகாரியாக விளங்கியவர். அவருடைய நூலுக்குப் படம் வரைந்த கோர்ட் டுபுவாவும், விலங்குகளுக்கு இலத்தீன் பெயர் சூட்டிய ஜோர்ஜ் சட்வேர்த்தும் ஐக்கிய அமெரிக்க வனச் சேவையினர். 1939 இல் மற்றொரு தொகுப்பை வெளியிட்ட ஹென்றி ட்ரையனும் வனவியலாளரே. ஸ்குவொங்கின் இலத்தீன் பெயர் கண்ணீர், உடல், கரைதல் ஆகிய சொற்களால் ஆனது. கற்றோர் தமக்குள் நகைத்துக்கொள்ளும் நகை இது, கொட்டகையின் நகையன்று. மேலும், காடுகள் சுருங்கிவிட்டன, பழைய மரவெட்டியும் மறைந்துகொண்டிருக்கின்றான் என்ற இரக்கக் குரலோடு கொக்ஸின் நூல் தொடங்குகின்றது. காட்டை அழித்தது எது என்ற வினா அங்கே எழுப்பப்படவில்லை. இத்தொகுப்பாளர்களுக்கு நாம் கடன்பட்டுள்ளோம். அவர்களன்றி இக்கதைகள் அழிந்திருக்கும். ஆயினும் தொகுப்பின் குரலைத் தொழிலாளியின் குரலாக மயங்குதல் ஆகாது.

தொகுப்பினை அடுத்து வருவது வணிகம். விஸ்கொன்சினின் ரைன்லாண்டர் நகரத்தவரான யூஜின் ஷெப்பேர்ட், காடுகளை அளந்து மரமதிப்புக் கூறும் தொழிலர், சாதாரண மரவெட்டியல்லர். 1893 இல் ‘ஹோடாக்’ என்னும் கொம்பும் முதுகு முட்களும் கொண்ட விலங்கைக் கண்டதாக அவர் செய்தி பரப்பினார். 1896 இல் அதனை உயிருடன் பிடித்ததாகக் கூறி மாவட்டக் கண்காட்சியில் மங்கிய வெளிச்சத்தில் காட்டினார். மரத்தையும் தோலையும் கொண்டு செய்யப்பட்ட பொம்மை அது, கம்பியால் அசைக்கப்பட்டது. பின்னர் அவரே அதனை ஒப்புக்கொண்டார். இன்று ஹோடாக் அந்நகரின் சின்னம். அதன் பாரிய சிலையோடு உல்லாசப் பிரயாணிகள் படம் எடுத்துக்கொள்கின்றனர்.

ஆயின் ஹோடாக்கின் பிறப்புப் பற்றிய கதை வேறு சுவையுடையது. குற்றிகளை இழுத்து மாண்ட காளைகளின் சாம்பலிலிருந்து அது எழுந்ததென்றும், தம்மை ஓட்டியவர்களிடமிருந்து அக்காளைகள் வாழ்நாள் முழுதும் பெற்ற வசைகள் யாவும் அதனுள் திரண்டிருந்தன என்றும் கூறுவர். உழைத்து மடிந்த உயிரின் மீது சொரியப்பட்ட ஏச்சு அழிந்துபோவதில்லை; அது உருக்கொண்டு கொம்போடு திரும்பிவரும். இக்கற்பனையை முதலிற் கூறியவர் யாராயினும், அடிபட்டு உழைப்பதன் நினைவு இதனுள் உறைந்துள்ளது. கண்காட்சிப் பொம்மையில் இந்நினைவு மறைந்து, நுழைவுக் கட்டணத்துக்குரிய பண்டமே எஞ்சிற்று.

போல் பன்யன் என்னும் மாபெரும் மரவெட்டி பற்றிய கதைகளுக்கும் இதுவே நேர்ந்தது. ரெட் ரிவர் மரக் கொம்பனி 1914 முதல் வெளியிட்ட விளம்பரப் பிரசுரங்கள் மூலமே அவன் நாடறிந்தவனானான். கூலித்தொழிலாளரின் நாயகன் கொம்பனியின் விற்பனையாளனாக மாற்றப்பட்டான். நாட்டாரியலாளர் றிச்சட் டோர்சன் 1950 இல் இத்தகைய எழுத்துக்களைப் ‘போலி வழக்காறு’ என்று பொருள்படும் புதுச் சொல்லாற் கண்டித்தார். வணிகத்தை மட்டுமன்றி இடதுசாரிகள் வழக்காற்றைத் தம் தேவைக்கேற்பத் திரிப்பதையும் அவர் சாடினார். அவருடைய அரசியலோடு நாம் உடன்படவேண்டியதில்லை. ஆயின் அவ்வெச்சரிக்கை நமக்கும் உரியதே. மரவெட்டிகள் சொல்லாத புரட்சியை அவர்கள் கதையில் நாம் வாசித்தல் தவறாகும்.

7

அவ்வாறாயின் இக்கதைகளின் அடியில் ஓடிய உணர்வு என்னவாயிற்று? விடை கதைக்கு வெளியே, வரலாற்றிற் கிடைக்கின்றது. 1905 இல் சிக்காகோவில் உருவான உலகக் கைத்தொழிற் தொழிலாளர் சங்கம் பசுபிக் வடமேற்குக் காடுகளில் வேரூன்றியது. 1917 கோடையில் எட்டு மணி நேர வேலைக்காக மரத்தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். வேலைக்குத் திரும்பிய பின்னரும், எட்டு மணி நேரம் முடிந்ததும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுச் செல்லும் முறையைக் கையாண்டனர். போர் விமானங்களுக்கு ஸ்புரூஸ் மரம் தேவைப்பட்ட வேளையில் அரசு படையினரைக் காட்டுக்குள் இறக்கியது. சங்கத்துக்கு மாற்றாக வேறோர் அமைப்பை ஏற்படுத்தியது. சங்கத் தலைவர்களைச் சிறையிலடைத்தது. எனினும் 1918 மார்ச் முதலாந் திகதி எட்டு மணி நேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மே தினத்தில், முகாமிலிருந்து முகாமுக்குத் தாம் முதுகிற் சுமந்து திரிந்த படுக்கைச் சுருள்களைத் தொழிலாளர் பல இடங்களிலும் எரித்தனர். படுக்கை வழங்குவது தொழில்கொள்வோரின் கடமை என்பதே அத்தீயின் பொருள்.

இச்சங்கத்துக்கும் ஒரு விலங்கு இருந்தது. முதுகை வளைத்து, மயிர் சிலிர்த்து, பல்லைக் காட்டி நிற்கும் கரும்பூனை அது. ரால்ப் சப்ளின் என்னும் தொழிலாளர் கலைஞரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அப்பூனை, சங்கத்தின் ஒட்டுத்தாள்களில் இடம்பெற்று, வேலையிடத்தில் தொழிலாளர் காட்டக்கூடிய எதிர்ப்பின் குறியாயிற்று. அதனை ஹைட்பிஹைண்டின் வழித்தோன்றலென நாம் கூறவில்லை, அதற்குச் சான்றில்லை. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம் என்பதே நமது கருத்து. முகாமின் விலங்கு தொழிலாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று அவனைத் தாக்குகின்றது. சங்கத்தின் விலங்கு தொழிலாளியின் பக்கத்தில் நின்று எதிரே நோக்குகின்றது. முன்னது கொல்வது எதுவென அறியாதவரின் படைப்பு. பின்னது அதனை அறிந்தவரின் படைப்பு. அச்சம் நகையாகவும், நகை சினமாகவும், சினம் அமைப்பாகவும் மாறுவதற்கு இடையே நெடிய வரலாற்றுப் போராட்டம் கிடக்கின்றது. கற்பனை தானாக அத்தூரத்தைக் கடப்பதில்லை.

இதனால் பழைய கதைகளைத் தள்ளிவிடல் வேண்டுமென்பதன்று. பிழையான உணர்வு என்ற ஒரு சொல்லால் அவற்றை ஒதுக்குவோர், ‘விபத்து’ என்று எழுதிக் கோவையை மூடிய அதிகாரியின் பக்கத்திலேயே தம்மை அறியாது நிற்பர். அக்கோவையிலே கிளை வீழ்ந்து ஒருவன் இறந்தான்; அத்தோடு செய்தி முடிந்தது. கொட்டகையின் வாங்கிலோ, அன்றிரவு, கிளை தானாக விழவில்லை என்று எவனோ ஒருவன் சிரியாத முகத்தோடு சொல்லத் தொடங்கினான். அவன் சொன்னது பொய். ஆயினும் எழுதப்பட்ட அறிக்கையைக் காட்டிலும் அவனுடைய பொய் உண்மைக்கு அணித்தாக நின்றது.